கேபிளைக் கழற்றும் முன் லிங்கைக் கழற்றுங்கள்

அவுட்போர்டு இஞ்சின் மாட்டிய பதினெட்டு, இருபது அடி ஃபைபர் படகு வைத்திருப்பவர் யாராவது "ஸ்டீயரிங் ரொம்ப இறுக்கமாக இருக்கிறது" என்று சொல்லிவிட்டால் போதும். "கேபிளைத் தூக்கிப் போடு, ஹைட்ராலிக் மாட்டு" என்று சுற்றி நிற்பவர்கள் எல்லாரும் சொல்வார்கள். இந்த யோசனை எனக்கு நெடுநாளாக உறுத்துகிறது. எண்ணெய் அழுத்தத்தால் இஞ்சினைத் திருப்பும் இந்த ஹைட்ராலிக் நல்ல பொருள்தான். கையில் ஓரளவு வேலைப் பழக்கம் இருக்கிறவர் மெக்கானிக்கைக் கூப்பிடாமல் தானே மாட்டிவிடவும் முடியும். ஆனால் அது இறுக்கத்துக்கு மருந்து இல்லை. இறுக்கம் எங்கே இருக்கிறது என்று பார்க்காமல் மாட்டினால், செலவு செய்த பிறகும் அதே நோய் வேறு இடத்தில் உட்கார்ந்திருக்கும். அப்போது வீல் இலகுவாகச் சுற்றுவதால் அது கைக்குத் தெரியவும் தெரியாது.

நம் ஊர்க் கரைகளில் ஓடும் ஃபைபர் படகுகள் பெரும்பாலும் தண்டைக் கையில் பிடித்துத் திருப்புகிறவை; அவற்றுக்கு இந்தப் பேச்சே இல்லை. நான் சொல்வது, நடுவில் மேடை வைத்து, அதில் வீல் பொருத்தி, பின்னால் ஒற்றை அவுட்போர்டு மாட்டிய படகுகளைப் பற்றி. அமெரிக்காவிலும் கனடாவிலும் ஆஸ்திரேலியாவிலும் வார இறுதி மீன்பிடிப்புக்கு வைத்திருப்பார்களே, அந்த வகை.

வீலிலிருந்து வரும் கேபிளின் முனையில் ஒரு உருண்ட ஸ்டீல் தண்டு இருக்கும். அது, இஞ்சினைத் தூக்கி இறக்கும் அச்சாக இருக்கும் டில்ட் டியூபுக்குள் நுழைந்து மறுபக்கம் வெளியே வந்து, ஒரு லிங்க் கம்பி வழியாக இஞ்சினைத் தள்ளும், இழுக்கும். அந்த லிங்க் கம்பியை இஞ்சின் பக்கம் ஒரே ஒரு நட்டுதான் பிடித்திருக்கிறது. அதைக் கழற்றுங்கள். இப்போது இஞ்சினைக் கையால் இடமும் வலமும் தள்ளிப் பாருங்கள். இஞ்சின் தடையில்லாமல் போய்வந்தால் குறை கேபிளிலோ டில்ட் டியூபிலோ இருக்கிறது. இஞ்சினே முரண்டு பிடித்தால் குறை, அது இடமும் வலமும் திரும்பும் மூட்டான சுழல் பிராக்கெட்டில் இருக்கிறது. பழைய கிரீஸ் காய்ந்து, உப்பேறி, உள்ளே இருக்கும் புஷ் பிடித்துக்கொண்டிருக்கும். நிப்பிள் வழியாகப் புது கிரீஸ் ஏற்றி, பழையது பிதுங்கி வெளியே வரும்வரை பம்ப் அடித்து, இஞ்சினை முழுக்க இருபுறமும் ஆட்டி, மறுபடி ஏற்ற வேண்டும். நிப்பிளே அடைத்திருந்தால் அதைக் கழற்றித் துளையைச் சுத்தம் செய்து புதிது போட வேண்டும். இந்த நிலையில் ஹைட்ராலிக் மாட்டினால், எண்ணெயின் அழுத்தம் பிடித்துக்கொண்ட பிராக்கெட்டை வலுக்கட்டாயமாகத் திருப்பும். இஞ்சினைத் தள்ளும் சிலிண்டரின் தாங்கிகளும் சீலும்தான் அதற்கு விலை கொடுக்கும்.

முழு வேலையிலும் திருப்புமுனை இந்த ஒற்றை நட்டுதான் என்பேன். என்ன வாங்குவது, வாங்க வேண்டுமா என்பதே இங்கேதான் முடிவாகிறது. கேபிள்தான் குறை என்று தெரிந்து, இஞ்சினும் 90 குதிரைத்திறனுக்குள் இருந்தால், புதுக் கேபிளோடு, இஞ்சின் வீலைத் திருப்பித் தள்ளாதபடி உள்ளே கிளட்ச் வைத்த மெக்கானிக்கல் ஹெல்ம் (வீல் மாட்டும் பகுதி) ஒன்று போட்டாலே போதும் என்பது என் கருத்து. அதற்கு ஆகும் காசும் குறைவு, வேலையும் குறைவு.

பிறகு எதற்கு ஹைட்ராலிக்?

புரொப்பெல்லர் ஒரே திசையில் சுற்றுவதால் இஞ்சினை எப்போதும் ஒரு பக்கம் இழுக்கப் பார்க்கும். சாதாரண கேபிளில் அந்த இழுப்பு அப்படியே வீலுக்கு வந்து கையில் ஏறும். 115, 150 குதிரைத்திறன் இஞ்சினில் வேகமாகப் போகும்போது ஒரு நொடி வீலை விட்டால் இஞ்சின் தானாக ஓரத்துக்குத் திரும்பிவிடும். படகு வெட்டித் திரும்பி, நிற்கிறவர் தண்ணீரில் விழுவார். ஹைட்ராலிக் ஹெல்மில் வீலுக்குப் பின்னால் சின்னப் பிஸ்டன்கள் கொண்ட ஒரு பம்பும், எண்ணெயைத் திரும்ப விடாத வால்வுகளும் இருக்கின்றன. நீங்கள் சுற்றினால்தான் எண்ணெய் நகரும். சுற்றாதபோது சிலிண்டரின் இரண்டு பக்கமும் எண்ணெய் சிறைபட்டு, இஞ்சின் விட்ட இடத்திலேயே நிற்கும். இந்தப் பூட்டுதான் ஹைட்ராலிக்கின் உண்மையான பலன். இலகுவாகச் சுற்றுவது கூடக் கிடைக்கும் சௌகரியம்.

இதற்கு ஒரு மறுபக்கமும் உண்டு. இஞ்சின் பக்கம் ஏதாவது தளர்ந்தாலோ, இறுகினாலோ, இழுப்பைச் சமன் செய்யும் சின்னத் துடுப்பு கோணம் மாறினாலோ, கேபிளில் அது உடனே உள்ளங்கைக்கு வந்துவிடும். ஹைட்ராலிக்கில் வராது. கை சொல்லிவந்த சேதியை இனிமேல் கண்தான் பார்த்துத் தெரிந்துகொள்ள வேண்டும்.

எதை வாங்குவது

கிட் ஆகவே கிடைக்கும்: ஹெல்ம், சிலிண்டர், இரண்டு ஹோஸ், எண்ணெய். 150 குதிரைத்திறன் வரையிலான ஒற்றை இஞ்சினுக்கு பேஸ்டார் போன்ற சிறிய வகை போதும். அதற்கு மேல் சீஸ்டார் போன்ற பெரிய வகை. (பழைய பாகங்களிலும் தாள்களிலும் டெலிஃப்ளெக்ஸ் என்ற பெயர் இருந்தால் குழம்ப வேண்டாம். 2011இல் அந்தப் பிரிவு கைமாறி சீஸ்டார் சொல்யூஷன்ஸ் ஆயிற்று, 2017இல் டொமெட்டிக் வாங்கியது.) இஞ்சின் மாடலைச் சொல்லி, அதற்கு எந்தச் சிலிண்டர், எத்தனை ஸ்பேசர் (இடைவெளி நிரப்பும் வளையம்) என்ற பொருத்தப் பட்டியலைப் பார்த்துத்தான் வாங்க வேண்டும். முன்பக்கம் மாட்டும் சிலிண்டர் இஞ்சினுக்கும் படகின் பின்சுவரான டிரான்ஸத்துக்கும் நடுவே நிற்கும். இஞ்சினை முழுக்கத் தூக்கும்போது அது முன்னால் சாய்ந்து வரும். அந்த இடத்தில், தெறிக்கும் தண்ணீரைத் தடுக்கும் தொட்டியின் சுவர் இருந்தால் இடிக்கும். வாங்கும் முன்பே அளவு நாடாவோடு இதைப் பார்த்துவிட வேண்டும்.

வீலை ஓரத்திலிருந்து ஓரத்துக்கு எத்தனை சுற்று சுற்ற வேண்டியிருக்கும் என்பது எளிய கணக்கு. சிலிண்டரின் கொள்ளளவை, பம்ப் ஒரு சுற்றுக்குத் தள்ளும் அளவால் வகுத்தால் வருவது அது. 8.4 கன அங்குலச் சிலிண்டருக்கு 1.7 கன அங்குல ஹெல்ம் என்றால் ஏறக்குறைய ஐந்து சுற்று. பெரிய பம்ப் போட்டால் சுற்று குறையும், கைக்குப் பாரம் கூடும்.

ஹோஸ்களில் முனை அழுத்திப் பொருத்தப்பட்டு வருபவற்றை வெட்டவே முடியாது. நீளம் சரியாகச் சொல்லி வாங்க வேண்டும். ஹெல்மிலிருந்து பக்கவாட்டுக் குழாய் வழியாகப் பின்னால் வரை கயிறு விட்டு அளந்து, இஞ்சின் இரண்டு பக்கமும் முழுக்கத் திரும்பவும் முழுக்கத் தூக்கவும் தேவையான தொய்வையும் சேர்த்துக்கொள்ளுங்கள். எண்ணெய், தயாரிப்பாளர் சொன்னது. அல்லது அதே தரத்தில் உள்ள ஐஎஸ்ஓ விஜி 15 ஹைட்ராலிக் எண்ணெய். ஒரு ஹெல்ம், ஒரு சிலிண்டருக்கு ஒரு லிட்டர் பாட்டில் இரண்டு வேண்டும். உள்ளே தங்குவது அதைவிடக் குறைவு. மீதி காற்றோடு வெளியே வரப் போகிறது. பிரேக் ஆயிலை மட்டும் ஊற்றிவிடக் கூடாது. சீல்கள் ஊதிப்போய் மொத்த அமைப்பும் கெட்டுவிடும்.

டில்ட் டியூபோடு மல்லுக்கட்டு

முதல் வேலை பழைய வீலைக் கழற்றுவது. வீல் சரிந்த கூம்புத் தண்டில் பிறைச்சாவியோடு உட்கார்ந்திருக்கும். நட்டைத் தளர்த்துங்கள், முழுக்கக் கழற்றாதீர்கள். புல்லர் வைத்து இழுத்தால் வந்துவிடும். முக்கால் அங்குலக் கூம்புத் தண்டுக்கான வீலாக இருந்தால் பெரும்பாலும் அதையே புது ஹெல்மில் போடலாம். புது ஹெல்மின் தண்டில் எக்காரணம் கொண்டும் சுத்தியல் படக் கூடாது. உள்ளே இருக்கும் பம்பும் சீலும் அடி வாங்கும். டாஷ்போர்டில் பழைய துளை சிறிதாக இருந்தால் கிட்டில் வரும் அட்டை அளவை ஒட்டி வெட்டிப் பெரிதாக்கலாம். பழையது பல் சட்டத்தால் கேபிளைத் தள்ளும் ரேக் வகையாக இருந்து துளை பெரிதாகிவிட்டால், பின்னால் அலுமினியத் தகடு வைத்துத்தான் மாட்ட வேண்டும். அலை அடிக்கும்போது ஓட்டுகிறவர் விழாமல் பிடித்துக்கொள்வதும் அதே வீலைத்தான்; அந்த எடையை மெல்லிய ஃபைபர் மட்டும் தாங்காது.

நேரத்தைத் தின்பது கேபிள் தண்டை டில்ட் டியூபிலிருந்து எடுப்பதுதான். தண்டும் டியூபும் ஸ்டீல். நடுவே காய்ந்த கிரீஸும் உப்பும் துருவும் சேர்ந்து இரண்டையும் ஒன்றாக்கிவிட்டிருக்கும். கேபிள் நட்டை விடுவித்ததும் இழுத்தால் வந்துவிடும் என்று எண்ண வேண்டாம். முந்தின நாளே டியூபின் இரண்டு வாயிலும் துருநீக்கும் எண்ணெய் அடித்து, மறுபடி மறுபடி அடித்து, ஊறவிடுங்கள். பிறகும் அசையாவிட்டால், லிங்க் பக்கம் தண்டின் தட்டையான நுனியை வெட்டிவிட்டு, டியூபின் உள்விட்டத்தைவிடச் சற்றே மெல்லிய பித்தளைக் கம்பி வைத்து நேராகத் தட்டுங்கள். டியூபின் உள்விட்டம் எட்டில் ஐந்து அங்குலம். அதாவது 16 மில்லிமீட்டருக்குக் கொஞ்சம் கீழே. கம்பி சாய்ந்தால் டியூபின் வாய் நசுங்கும். அந்த வாயின் வெளிமரை போய்விட்டால் டியூபையே மாற்ற வேண்டும். பல இஞ்சின்களில் அதற்கு இஞ்சினையே டிரான்ஸத்திலிருந்து தூக்கியாக வேண்டியிருக்கும். அதனால்தான் ஓங்கி அடிப்பதைவிட ஊறவிடுவதை நம்பச் சொல்கிறேன். சூடு காட்டலாம், ஆனால் பக்கத்தில் பிளாஸ்டிக் புஷ்ஷும் பெயின்டும் பெட்ரோல் ஹோஸும் இருக்கின்றன என்பதை மறக்கக் கூடாது. தீச்சுடர் வேண்டாம், சூடான காற்று போதும்.

தண்டு வந்ததும் டியூபின் உட்புறத்தைப் பளிச்சென்று துலக்க வேண்டும். அதற்கு மிகப் பொருத்தமான கருவி, 20 கேஜ் வேட்டைத் துப்பாக்கியின் குழலைத் துலக்கும் கம்பி பிரஷ். டியூபுக்குள் இறுக்கமாக, அளவெடுத்தது போல நுழையும். கரைப்பான் தொட்டுத் துலக்கி, துணி விட்டு இழுத்து, துணி சுத்தமாக வெளியே வரும்வரை செய்யுங்கள். சிலிண்டரைப் பிடிக்கும் புதுத் தாங்கு தண்டு கை விரலால் தள்ளினாலே உள்ளே ஓட வேண்டும். ஓடவில்லை என்றால் இன்னும் துரு மிச்சம் இருக்கிறது. அந்தத் துருவோடு அடித்து உள்ளே ஏற்றினால், இஞ்சினைத் தூக்கும் ஒவ்வொரு முறையும் சிலிண்டரின் தாங்கி முறுக்கு வாங்கும்.

தாங்கு தண்டுக்கு மரைன் கிரீஸ் தடவி ஏற்றி, பட்டியலில் சொன்ன பக்கத்தில் சொன்ன எண்ணிக்கை ஸ்பேசர் போட்டு, சிலிண்டரை மாட்டி, பக்கவாட்டு ஆட்டம் போகும் அளவுக்குச் சரிசெய் நட்டை இறுக்குங்கள். முறுக்கு அளவுகளைத் தாளில் உள்ளபடியே டார்க் ரென்ச் வைத்துக் கொடுங்கள். கைக்கணக்கு இங்கே வேண்டாம். நைலான் வளையம் வைத்த நட்டுகளை ஒரு முறைக்கு மேல் பயன்படுத்தக் கூடாது. படகு ஓடும்போது இந்த இடத்தில் ஒரு நட்டு கழன்றால் இஞ்சின் யாருக்கும் கட்டுப்படாது.

ஹோஸ் இணைக்கும் முன் இஞ்சினைக் கையாலேயே முழு இடம், முழு வலம், முழுக்கத் தூக்கியது, தூக்கியபடி இடம், தூக்கியபடி வலம் என்று எல்லா நிலையிலும் வைத்துப் பாருங்கள். சிலிண்டரின் முழங்கை இணைப்பு எங்காவது தட்டுகிறதா என்று இப்போது பார்ப்பது சுலபம்.

ஹோஸும் மரையும்

ஹோஸ்களை இழுக்கும்போது நுனியில் மூடி இருக்கட்டும். ஒரு மணல் துணுக்கு ஹெல்மின் வால்வில் உட்கார்ந்தால் பூட்டு போய்விடும். வீல் தானாக நழுவும். இரண்டு ஹோஸுக்கும் இரண்டு முனையிலும் நிறநாடா ஒட்டி, எது இடம், எது வலம் என்று குறித்த பிறகே இழுங்கள். மாற்றி மாட்டினால் வலப்பக்கம் சுற்றப் படகு இடப்பக்கம் போகும். அதைச் சரிசெய்ய ஹெல்மில் இரண்டையும் மாற்றினால் போதும்தான், ஆனால் எண்ணெய் கொட்டி, காற்று மறுபடி ஏறி, எல்லாம் முதலிலிருந்து.

ஓ-ரிங் வைத்த இணைப்புக்கு ஓ-ரிங் மட்டுமே. மேலே எதுவும் சுற்றவோ தடவவோ வேண்டாம். கூம்பு மரைக்குத் திரவ சீலன்ட், அதுவும் முதல் இரண்டு இழையை விட்டுவிட்டு. டெஃப்லான் டேப் எங்குமே கூடாது. குழாய் வேலைப் பழக்கத்தில் கை தானாக டேப்பைத் தேடும். இறுக்கும்போது கிழிகிற நூலிழை எண்ணெயோடு போய் வால்வில் மாட்டிக்கொள்ளும்.

காற்றை வெளியேற்றுவது

பைக்கின் டிஸ்க் பிரேக்குக்கு ஏர் எடுத்தவர்களுக்கு இந்த வேலை புதிதில்லை. ஆனால் இங்கே ஹோஸ் நீளம், காற்று அதிகம், பொறுமையும் அதிகம் வேண்டும். இரண்டு பேர் தேவை: ஒருவர் வீலில், ஒருவர் பின்னால். ஹெல்மின் நிரப்புத் துளையில் கிட்டோடு வந்த தெளிவான குழாயை முடுக்கி, மறுமுனையில் எண்ணெய் பாட்டிலைத் தலைகீழாக மாட்டி, பாட்டிலின் அடியில் சின்னத் துளை போடுங்கள். குமிழி ஏறி முடியும்வரை காத்திருங்கள். இனி வேலை முடியும்வரை அந்தக் குழாயில் எண்ணெய் தெரிந்துகொண்டே இருக்க வேண்டும். வீலில் நிற்பவருக்கு அதைப் பார்ப்பதுதான் முதல் கடமை. ஒரு முறை வற்றினாலும் அதுவரை செய்ததெல்லாம் வீண்.

தண்டு நிலையாக நின்று உடல் நகரும் முன்பக்கச் சிலிண்டருக்கு முறை இப்படி. வீலை வலப்பக்கமாகக் கடைசிவரை சுற்றுங்கள். சிலிண்டர் உடல் இடப்பக்கம் போய், வலப்பக்கம் தண்டு முழுக்க வெளியே நிற்கும். சிலிண்டரில் காற்றை வெளியே விடும் வலப்பக்க நிப்பிளில் தெளிவான குழாய் மாட்டி, மறுமுனையை ஒரு பாட்டிலில் விட்டு, நிப்பிளைத் திறங்கள். பின்னால் இருப்பவர் உடல் நகராமல் கையால் பிடித்துக்கொள்ள, முன்னால் இருப்பவர் வீலை மெதுவாக இடப்பக்கம் சுற்றட்டும். முதலில் வெறும் காற்று, பிறகு நுரை, பிறகு குமிழியோடு எண்ணெய், கடைசியில் ஒரே சீராகத் தெளிந்த எண்ணெய். அப்படி வந்துகொண்டிருக்கும்போதே, சுற்றுவதை நிறுத்தாமல், நிப்பிளை மூடுங்கள். பிறகு இடப்பக்கம் கடைசிவரை சுற்றி, இடது நிப்பிளைத் திறந்து, உடலைப் பிடித்தபடி வலப்பக்கம் சுற்றி அதையே செய்யுங்கள். உடலைப் பிடிக்காமல் விட்டால் எண்ணெய் காற்றைத் துரத்தாமல் உடலையே நகர்த்திவிடும். பிடிப்பதற்கு ஸ்டீல் தண்டில் பிளையர் வைக்கக் கூடாது. அதில் விழும் ஒரு கீறல், பிறகு சீலைத் தினமும் அறுக்கும்.

வேகமாகச் சுற்றினால் எண்ணெய் நுரைக்கும். நுண்குமிழி தெளிய நெடுநேரம் ஆகும். வெளியே வந்த எண்ணெயை உடனே திரும்ப ஊற்றவும் வேண்டாம். அதில் குமிழியும் ஹோஸில் இருந்த தூசியும் இருக்கும்.

காற்று போய்விட்டதா என்று எப்படித் தெரியும்? வீல் கெட்டியாக இருக்கிறது என்று கை சொல்வதை நம்ப வேண்டாம். நிரப்பு மூடியைத் திறந்துவைத்து, வீலை ஓரத்தில் முட்டும்வரை சுற்றி, இன்னும் கொஞ்சம் அழுத்துங்கள். அழுத்தும்போது உள்ளே எண்ணெய் மட்டம் கண்ணுக்குத் தெரியும்படி இறங்கினால், அமைப்பில் காற்று இருக்கிறது. எண்ணெய் சுருங்காது, காற்றுதான் சுருங்கும். இறங்கிய அளவு, சுருங்கிய காற்றின் அளவு. மறுபக்கமும் இதே சோதனை. இரண்டு பக்கமும் மட்டம் அசையாமல் நிற்கும்வரை ஏர் எடுப்பதைத் திரும்பச் செய்யுங்கள். முட்டிய பிறகு பலமாக அழுத்தினால் வீல் மெதுவாக நழுவுவது குறை இல்லை. சீஸ்டார் ஹெல்மில் 1000 பிஎஸ்ஐயில் திறக்கும் பாதுகாப்பு வால்வு அதற்காகத்தான் இருக்கிறது.

தண்ணீரில் இறக்கியதும் ஒரு விஷயம் பலரைக் கலங்கவைக்கும். வீலின் நடுக்கம்பி நேரே நிற்கும்போது இஞ்சின் நேரே இருக்காது; இன்று இருந்த இடத்தில் நாளை இருக்காது. வால்வுகளில் துளித்துளியாக எண்ணெய் கசிவதால் வீலுக்கு நிலையான நடு என்று ஒன்று ஹைட்ராலிக்கில் கிடையாது. வீலில் கயிறு சுற்றி நடுவைக் குறித்துக்கொள்கிறவர்கள் அதை விட்டுவிட வேண்டியதுதான். நிறுத்துமிடத்திலிருந்து கிளம்பும் முன் திரும்பி இஞ்சினைப் பார்ப்பதே வழி.

முதல் சில மணி நேர ஓட்டத்துக்குப் பிறகு எல்லா நட்டையும் மறுபடி பாருங்கள். எண்ணெய் மட்டத்தையும் பாருங்கள். எஞ்சியிருந்த நுண்குமிழிகள் மேலேறியதால் கொஞ்சம் இறங்கியிருக்கும், நிரப்பு மரையின் அடி வரை நிரப்புங்கள். அதன் பிறகு மாதம் ஒரு முறை சிலிண்டர் தண்டைத் துடைத்து விரல் ஓட்டிப் பாருங்கள். மெல்லிய ஈரப்படலம் இயல்பு. துளி திரண்டு தொங்கினால் சீல் போய்க்கொண்டிருக்கிறது. ஹெல்மில் வீலுக்குப் பின்னால் எண்ணெய் வழிந்தால் அது தண்டு சீல். சீல் கிட் தனியாகக் கிடைக்கும், முழு ஹெல்மையும் மாற்ற வேண்டாம். எண்ணெய் மட்டம் குறைந்துகொண்டே போய், வெளியே கசிவு எதுவும் தெரியவில்லை என்றால், பக்கவாட்டுக் குழாய்க்குள் ஹோஸ் எங்காவது உரசுகிறதா என்று பாருங்கள். லிங்க் நட்டைக் கழற்றிப் பார்த்த சோதனையை வருடம் ஒரு முறை இங்கும் செய்ய வேண்டும்: சிலிண்டரை இஞ்சினிலிருந்து விடுவித்து, இஞ்சின் கையால் தள்ளத் திரும்புகிறதா என்று பார்த்து, கிரீஸ் ஏற்றி, புது நட்டோடு மாட்டுங்கள். படகில் எப்போதும் ஒரு பாட்டில் எண்ணெயும் அந்த நிரப்புக் குழாயும் இருக்கட்டும். சீல் கசிந்தாலும் ஊற்றி ஊற்றிக் கரை சேர அவை போதும்.